லண்டனில் எனக்குக் கிளி வியாபாரம் இல்லை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் லண்டனில் கிளி வியாபாரம் செய்யவில்லை. கிளி மட்டுமில்லை, மைனா, காடை, கவுதாரி எதுவும் விற்கவில்லை. கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து தோல் கிடங்கில்தான் வேலை. திண்டுக்கல்லில் பாய் முதலாளியின் தோல் ஷாப்பில் எதைச் செய்தேனோ அதையேதான் இங்கும் செய்கிறேன். தோலைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுவது. என்ன, அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தேன், இங்கே கழுத்தில் டை கட்டிக்கொண்டு செய்கிறேன்.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் குஜிலியம்பாறையிலிருந்து என் மைத்துனன் போட்ட கடிதம். "மச்சான், நீங்க அங்கன கிளி வளத்து ரேடியோக்காரகளுக்கு வாடகைக்கு விடுறதா டீக்கடையில பேசிக்கிறாக. நமக்கும் ஒரு சோடி அனுப்பி வச்சா நல்லாருக்கும். பேசுற கிளியா இருந்தா ரெம்ப விசேசம்." ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவர் கூண்டே செய்து வைத்துவிட்டாராம். அவருக்கு நான் என்ன பதில் எழுதுவது?

நெருப்பில்லாமல் புகையாது என்று நீங்கள் சொல்லலாம். நெருப்பு இருந்தது உண்மை. கிளிதான் இல்லை. நடந்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் யாராவது கூண்டு செய்தால் அது அவர் பாடு.

2

என் மனைவி ராக்கம்மாள் குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. ஒரு வருஷம் பெய்தால் மூன்று வருஷம் அதைப் பற்றியே பேசுவார்கள். அந்த ஊர்ப் பெண்கள் போடும் குலவையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் பொங்கினாலும் குலவை, முளைப்பாரி கிளம்பினாலும் குலவை, அம்மன் சன்னதியில் திரை விலகினாலும் குலவை. அதில் ராக்குவின் நாக்குக்குத் தனி மரியாதை. அவள் போட்டால் அடுத்த ஊரில் பொங்கல் அடுப்பு பற்றவைப்பார்கள் என்று என் மாமனார் பெருமையடிப்பார். மாமனார்கள் பெண்ணைத் தள்ளிவிடச் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் நான் கல்யாணத்துக்குப் போனேன்.

கல்யாணப் பெண் குலவை போடும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் நான் தாலி கட்டி முடித்ததும் சுற்றி நின்ற பெண்கள் போட்ட குலவை சோடையாக இருந்ததாம். ராக்கு குனிந்த தலை நிமிராமல், மாலையும் கழுத்துமாக, தானே ஒன்று போட்டாள். வெளியே சீர்ப் பாத்திரங்களோடு நின்ற வண்டியின் மாடுகள் இரண்டும் மிரண்டு, கரூர் ரோட்டைப் பார்க்க ஓட்டம் எடுத்தன. அண்டாவும் குத்துவிளக்கும் மறுநாள் ஒரு கம்பங்கொல்லையில் கிடைத்தன. ஒரு சொம்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

"அப்புறம் என்னங்க பண்ணச் சொல்றீக? நல்ல காரியத்துக்குக் குலவை சரியா விழுகலேன்னா விளங்குமா?" என்று கேட்டாள். புதுப்பெண் கணவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

அப்படிப்பட்டவள் லண்டனுக்கு வந்து ஐந்து வருஷம் குலவைக்கு வாயையே திறக்கவில்லை. இங்கே எதற்குக் குலவை போடுவது? கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்தால் பொங்கி வழிவதற்குள் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். கடைக்குப் போனால் விரலால் காட்டி வாங்குவாள். மற்றதற்கெல்லாம் எங்கள் மகள் தனலட்சுமிதான் வாய். நான்கு வயதில் கப்பலேறிய பிள்ளை, ஒன்பது வயதில் டாக்டர் வீட்டிலும் கசாப்புக் கடையிலும் அம்மாவுக்குப் பதிலாகப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவளை டானா என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் ராக்கு பள்ளிக்கூட வாசலில் நின்று, "ஏ தனம், தலையில எண்ணெய் வைக்காமப் போயிட்டியேடி!" என்று எண்ணெய்ப் புட்டியோடு கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா தெருமுனை வரைதான் வரலாம் என்று தனம் சட்டம் போட்டுவிட்டாள். ராக்குவும் தெருமுனையிலேயே நின்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதை முழுக்க நான் ஒன்றும் சொல்லாத இடங்கள் நிறைய வரும்.

3

எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவள் யோலாந்தா. கொலம்பியா தேசத்துக்காரி. இன்று அவள் பெயரைப் பெரிய எழுத்தில் சுவரொட்டிகளில் பார்க்கிறேன். அன்று ஒரு காப்பிக் கடையில் மாலை நேரத்தில் கிதார் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவளே பாட்டு எழுதுவாள், அவளே மெட்டுப் போடுவாள். அதில்தான் சிக்கல். அவள் ஊர் ஆற்றங்கரை மேளம் ஒரு பக்கம், மாதா கோயில் பாட்டு ஒரு பக்கம், லண்டனில் கேட்ட ஜாஸ் ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவாள். கேட்பவர்களுக்கு ஆடுவதா, அழுவதா, முழங்காலிடுவதா என்று தெரியாமல் காப்பி ஆறிப்போகும்.

அவளுக்கும் ராக்குவுக்கும் மாடிப்படியில்தான் பழக்கம். அவள் ஸ்பானிஷில் பேசுவாள், ராக்கு தமிழில் பதில் சொல்வாள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு இருவரும் மனநிறைவோடு பிரிவார்கள். நானும் ராக்குவும் ஒரே பாஷையில் பேசி ஒருநாளும் அப்படிப் பிரிந்ததில்லை.

"என்ன ராக்கு, அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்பேன்.

"அது கஷ்டம் அதுக்கு. அம்மாக்காரி தனியா இருக்காளாம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுதுல்ல. காது இருந்தாக் கேளுங்க."

ஒரு ரெக்கார்டு கம்பெனி யோலாந்தாவைப் பாடிப் பார்க்கக் கூப்பிட்டது. ஒரே ஒரு பிற்பகல், மூன்று பாட்டு. பிடித்தால் ரெக்கார்டு, பிடிக்காவிட்டால் வீட்டைப் பார்த்துப் போகலாம். அவளுக்கு வீடு கடல் தாண்டி இருந்தது. அந்த வாரம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ராக்கு சுக்கு, மிளகு, பனங்கருப்பட்டி போட்டு ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மறுநாளே குரல் திறந்துவிட்டது. அதோடு, ராக்கு பக்கத்தில் இல்லாமல் பாடமாட்டேன் என்று யோலாந்தா பிடிவாதம் பிடித்தாள். ஆகவே பிளாஸ்கோடு ராக்கு, மொழிபெயர்ப்புக்குத் தனம், மேளம் தூக்குவதற்கு நான். மேளத்துக்கு ஆட்டுத்தோல் கட்டிக் கொடுத்ததும் நான்தான். மூன்று நாள் அந்தத் தோலைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டு, வீட்டுக்காரம்மா போலீஸைக் கூப்பிடப் போனது தனிக் கதை.

4

பாட்டுப் பதிவு செய்யும் அறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஜன்னலே கிடையாது. சுவரெல்லாம் மெத்தை. ஒரு பக்கம் பெரிய கண்ணாடி, அதற்கு அந்தப் புறம் கம்பெனி மேலாளர். அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்ததால் கண்ணாடிக்குத் தன் பக்கம் திரை போட்டிருந்தார்.

முதல் இரண்டு பாட்டும் உப்புச் சப்பில்லாமல் போயின. யோலாந்தாவுக்குப் பயம். மூன்றாவது, ஆற்றை விட்டுப் பிரிந்து வந்த பெண்ணின் பாட்டு. மெதுவாக ஆரம்பித்தாள். எங்களோடு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராக்குவின் கண் கலங்கியது. யோலாந்தா கூட்டி வந்திருந்த மேளக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக அடியைக் கூட்டினார். திண்டுக்கல் ஆசாமி கட்டிய தோல் அல்லவா, கணீரென்று பேசியது. மேளம் உச்சிக்கு ஏறுகிற நேரம். சாப்பிட்டு முடித்த மேலாளர் பாடுகிறவளின் முகத்தைப் பார்ப்போம் என்று சட்டென்று திரையை இழுத்தார்.

உள்ளே, பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். மேளம் உச்சியில் இருக்கிறது. திரை விலகுகிறது. உள்ளே செக்கச் செவேலென்று வெளிச்சம். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன சைகை வேண்டும்? ராக்கு ஸ்டூலை விட்டு எழுந்தாள். பிளாஸ்க் உருண்டது. ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த குலவை மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

மேலாளர் காதில் மாட்டியிருந்த கருவியைப் பிய்த்து எறிந்ததைப் பார்த்தேன். மேளக்காரர் ஒரு அடி தவறி, அடுத்த அடியை இரட்டை வேகத்தில் பிடித்தார். யோலாந்தா ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அழுகைப் பாட்டை ஆட்டப் பாட்டாகத் திருப்பினாள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. பாட்டு முடிந்தபோது எல்லோருக்கும் வியர்த்திருந்தது.

மேலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். ராக்கு அதற்குள் முக்காடு போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பார்வை தனத்தின் மேல் விழுந்தது. தனத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பறவை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "பறவை ஒன்று உள்ளே வந்துவிட்டது."

அவர் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் இல்லை.

"பைக்குள் இருந்து" என்றாள் தனம்.

எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். நான் மேளத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

5

அந்த மூன்றாவது பாட்டுதான் ரெக்கார்டாக வந்தது. ரேடியோவில் போட்டார்கள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். ஒரே மாதத்தில் யோலாந்தாவைக் காப்பிக் கடையில் பார்க்க முடியவில்லை. இது எந்த வகைப் பாட்டு என்று பத்திரிகைக்காரர்கள் சண்டை போட்டார்கள். ஒரு கடையில் அந்த ரெக்கார்டை நடனப் பாட்டு அலமாரியில் பார்த்தேன், இன்னொரு கடையில் மாதா கோயில் பாட்டுகளோடு. மூன்றாவது கடையில் நீர்வீழ்ச்சி, தவளை, குயில் ஓசை ரெக்கார்டுகளுக்கு நடுவில் இருந்தது. ஏனென்றால் உறையின் பின்பக்கம் "பாட்டு, கிதார்: யோலாந்தா. உடன்: வெப்பநாட்டுப் பறவை" என்று அச்சடித்திருந்தார்கள்.

ராக்கு அந்த உறையை மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது எடுத்து வந்து, "எம் பேரு எங்கன போட்டிருக்கு? விரல வச்சுக் காட்டுங்க, தடவிப் பாக்குறேன்" என்றாள். பொய் சொல்லத் தெரிந்த புருஷனாக இருந்தால் ஏதாவது ஓர் எழுத்தைக் காட்டியிருப்பான். நான் உள்ளதைப் படித்துவிட்டேன்.

"பறவையா? நானா?"

"ஆமா."

"எந்த வெளங்காதவன் எழுதுனது?"

தனத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "கம்பெனிக்காரங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை, அச்சடித்தது அவர்கள்தானே.

"அப்பக் குருவியவே கூப்பிட்டுக்கிறச் சொல்லுங்க. இனிமே எந் நாக்கு அசையாது."

இதுதான் சமயம் என்று கம்பெனி யோலாந்தாவுக்கு ஒரு பெரிய மண்டபத்தில் கச்சேரி ஏற்பாடு செய்திருந்தது. அது நன்றாக நடந்தால்தான் அடுத்த ரெக்கார்டு. ஜனங்கள் கேட்டு வருவது அந்தச் சத்தத்தை. யோலாந்தா வந்து ராக்குவின் கையைப் பிடித்து ஸ்பானிஷில் கெஞ்சினாள். "ஒம் மேல எனக்கென்ன கோவம் தாயி, ஆனா நான் குருவி இல்ல" என்று ராக்கு அவளுக்கு வடை கொடுத்து அனுப்பினாள். கம்பெனிக்காரர்கள் மாலுமி ஒருவரிடமிருந்து உண்மையான கிளி ஒன்றை வாங்கிவந்து ஒத்திகை பார்த்தார்கள். அது ஒரு பகல் முழுவதும் மௌனம் காத்துவிட்டு, மாலையில் மாலுமியிடம் கற்ற ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. அந்தச் சொல்லை மேடையில் சொல்ல முடியாது.

எனக்குக் கச்சேரிக் கவலை பாதி. யோலாந்தா ஊர் திரும்ப வேண்டி வந்துவிடுமே என்று வருத்தம்தான். ஆனால் முழுக்கவலை வேறு. பெற்ற பிள்ளையே தன்னை அம்மா என்று சொல்ல வெட்கப்பட்டுப் பறவை என்று சொன்னது தெரிந்தால் ராக்கு தாங்குவாளா? தனமும் அதே பயத்தில் இளைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இட்லி தின்றோம்.

6

இந்த நேரத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து, பெயர் வேண்டாம், கம்பெனி கொடுத்த எங்கள் விலாசத்துக்கு ஒரு படிவம் வந்தது. மேடையில் விலங்கு, பறவைகளைப் பயன்படுத்துவோர் அனுமதி பெற வேண்டுமாம். கிழித்துப் போட்டிருக்க வேண்டியது. ஆனால் பாய் முதலாளி எனக்குப் பழக்கிவிட்ட பாடம் அப்படி. தோல் மூட்டை கப்பலேறும் படிவங்களில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் சரக்குத் துறைமுகத்திலேயே கிடந்து நாறும் என்பார். "கட்டம் இருந்தா நெரப்பு அப்பு, யோசிக்காத." இருபது வருஷமாக நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. நிரப்பினேன். பெயர்: ராக்கம்மாள். வயது: முப்பத்திரண்டு. பிறந்த இடம்: குஜிலியம்பாறை. உணவு: சோறு, குழம்பு, ஏதாவது ஒரு வெஞ்சனம். தடுப்பூசி: கப்பலேறும்போது போடப்பட்டது. இணை உண்டா: உண்டு.

முப்பத்திரண்டு வயதுப் பறவையை நேரில் பார்க்கச் சனிக்கிழமை காலை ஓர் அதிகாரி வந்துவிட்டார். கையில் நோட்டு, அளவு நாடா. வாசலில் தொப்பியைக் கழற்றி, பறவையைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். ராக்கு அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவரு? என்ன வேணுமாம்?"

"பறவையப் பாக்கணுமாம்மா" என்றாள் தனம். குரல் கேட்கவே இல்லை.

"இன்னுமா அந்தக் கம்பெனிக்காரன் எழுதுனத நம்பிக்கிட்டுத் திரியிறாக? அறிவுகெட்டவன் எழுதுனா..."

"கம்பெனிக்காரன் இல்லம்மா." தனத்துக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தேன் சொன்னேன். அன்னைக்கே நாந்தேன் சொன்னேன்."

ராக்கு அடுப்பை அணைத்தாள். "ஏன்டி?"

"அம்மான்னு சொன்னாச் சிரிப்பாகன்னு."

ராக்கு என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் அந்தக் கிளி சொன்ன சொல் எனக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

அதிகாரிக்கு இது எதுவும் புரியவில்லை. பறவை வைத்திருக்கும் கூண்டின் நீள அகலம் என்ன என்று தன் போக்கில் கேட்டார். தனம் அழுதுகொண்டே, வழக்கம் விடாமல், "கூண்டு எம்புட்டு நீளம்னு கேக்குறாரு" என்றாள்.

ராக்கு கரண்டியைச் சுற்றிக் காட்டினாள். "இந்த அடுப்படிதேன். அஞ்சு வருசமா இதுக்குள்ளதேன் கெடக்குறேன். அளந்துக்கிறச் சொல்லு."

தனம் அதையும் அப்படியே சொன்னாள். அவர் ராக்குவைப் பார்த்தார், என் படிவத்தைப் பார்த்தார். கடமை தவறாத மனிதர். நாடாவை விரித்து அடுப்படியை அளந்தார். நோட்டில் குறித்துக்கொண்டு, இந்த இடம் போதாது என்று சொன்னார். பிறகு தந்த வடைகளில் நான்கைத் தின்றார். பறவை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். சட்டப்படி நாங்கள் அன்றே விடுதலையானோம். வீட்டுக்குள் மட்டும் இல்லை.

 ஞாயிற்றுக்கிழமை தனத்தின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். "கச்சேரிக்கு வாரேன். அந்தப் பொண்ணுக்காக வாரேன். ஆனா ஒண்ணு. அங்கன வாரவுக அம்புட்டுப் பேரு முன்னாடியும் நான் ஆருன்னு இவ ஏறிச் சொல்லணும். இங்கிலீசுலயே சொல்லட்டும். எனக்குத் தெரியும், அவுகளுக்குத்தேன் தெரியணும்."

தனம் பாதிச் சடையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யோலாந்தா இரண்டு வரிசை இலவசமாகக் கொடுத்திருந்தாள். "பறவையைப் பார்க்கலாம்" என்று வகுப்பே கிளம்பிக்கொண்டிருந்தது.

7

கச்சேரி மாலை ஐந்து மணிக்கு. தனம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. ராக்கு மட்டும் பழைய சோறும் ஊறுகாயும் திருப்தியாகச் சாப்பிட்டு, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. யோலாந்தா கிதாரோடு மேடையில் நின்றாள். முகத்தில் பழைய பயம். ராக்கு மேடை ஓரத்தில், நான் அவள் பின்னால், கம்பெனி மேலாளர் என் பின்னால். யோலாந்தா தனத்தின் தோளைத் தொட்டு நடுவில் கொண்டுபோய் விட்டாள். மைக் தனத்தின் தலைக்கு மேலே இருந்தது. ஒரு ஆள் வந்து அதைத் தாழ்த்தி வைக்கும்வரை இரட்டைச் சடையும் எண்ணெய்த் தலையுமாக அந்த வெளிச்சத்தில் பிள்ளை தனியாக நின்றது. ஓடி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடி வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று நான் தயாராகவும் இருந்தேன்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ரெக்கார்டில் இருப்பது பறவை இல்லை. பறவை என்று நான் பொய் சொன்னேன். அது என் அம்மா. அவர் பெயர் ராக்கம்மாள். அதோ அங்கே நிற்கிறார்."

முன்வரிசையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பக்கம், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடுத்த வரிசைக்கும் பரவியது. தனம் அந்தப் பக்கம் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குப் புரியும் பாஷையில் கத்தினாள்.

"அது எங்கம்மா!"

ராக்கு எனக்கு முன்னால் நிமிர்வது தெரிந்தது. மேலாளர் பதறிப்போய், இப்போது இல்லை, இரண்டாவது பாட்டின் நடுவில்தான் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அதையெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளைப் பார்த்தபடி, கல்யாணத்தன்று மாடுகளை விரட்டினாளே, அதைவிட ஒரு மடங்கு பெரிதாகக் குலவை போட்டாள்.

பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.